கழிவுநீரை எரித்து அளந்தவர்கள்

நுண்ணுயிர் மின்கலத்தின் கதையை எல்லாரும் 1911இல் தொடங்குவார்கள். நியூகாசிலில் தாவரவியல் பேராசிரியராக இருந்த எம். சி. பொட்டர், ஈஸ்ட் புளிக்கும் கரைசலில் பிளாட்டின மின்வாயை வைத்து மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார். மின்கலம் பிறந்தது அங்கேதான். ஆனால், கழிவுநீரில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்ற கணக்குப் பிறந்தது ரொறன்ரோவில். அந்தக் கணக்கு இல்லாமல் மற்றதெல்லாம் ஆய்வுகூட வேடிக்கையாகவே நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

டொன் பள்ளத்தாக்கில் 1929 முதல் இயங்கிவருகிறது வட ரொறன்ரோ சுத்திகரிப்பு நிலையம். அங்கிருந்து எடுத்த கழிவுநீரை, ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஷிசாஸ், பாக்லி இருவரும் அடுப்பில் உலர்த்தி, எஞ்சிய திண்மத்தைக் கலோரிமானியில் எரித்தார்கள். 2004இல் முடிவு வெளியானது. நிலையம் செலவழிக்கும் மின்சாரத்தைப் போல 9.3 மடங்கு ஆற்றல் அந்த நீருக்குள்ளேயே இருந்தது! உண்மை அளவு இன்னும் கூட இருக்கலாம். அடுப்பில் உலர்த்தும்போது எளிதில் ஆவியாகும் பொருட்கள் பறந்துவிடும் என்பதை, 2011இல் நியூகாசில் ஆய்வாளர்கள் நீரை உறையவைத்து உலர்த்திக் காட்டினார்கள்.

ஆனாலும் அந்த ஆற்றல் மிக ஐதாகக் கலந்திருக்கிறது. லீற்றருக்கு 6.3 கிலோஜூல், அதே நீரை ஒன்றரைப் பாகை சூடாக்கத்தான் காணும். உலர்த்தி எரிக்கப் போனால் கைமுதலும் போய்விடும். நீருக்குள் இருந்தபடியே அதை எடுக்க உயிர்களால்தான் முடியும்.

இன்றைய நிலையங்களிலும் அந்த உயிர்கள்தான் வேலை செய்கின்றன. கழிவைத் தின்னும் நுண்ணுயிர் அதிலிருந்து பிரிக்கும் இலத்திரன்களை எங்காவது இறக்கிவைத்தாக வேண்டும். அவற்றை வாங்கிக்கொள்ள ஒட்சிசன் வேண்டும் என்பதற்காகத்தான் தொட்டிகளுக்குள் ஓயாமல் காற்று ஊதுகிறார்கள்; பெரும்பங்கு மின்சாரம் அதற்கே போகிறது. மின்கலத்திலோ காற்றுக்குப் பதில் ஒரு கரி மின்வாய் நிற்கிறது. இலத்திரன்கள் அதில் ஏறி, கம்பி வழியாக ஓடி, மறுபக்கத்தில் ஒட்சிசனைச் சேர்கின்றன. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாம் அரிசி களைந்து ஊற்றும் நீர் ஹைலண்ட் கிரீக் நிலையத்துக்குப் போகிறது. அதிலுள்ள மாப்பொருளும் இந்த நுண்ணுயிர்களுக்கு நல்ல உணவு.

அதே 2004இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹொங் லியு, ராமநாதன் ராம்நாராயணன், புரூஸ் லோகன் மூவரும் வீட்டுக் கழிவுநீரிலேயே மின்கலத்தை ஓட்டினார்கள். கிடைத்தது சதுரமீற்றருக்கு 26 மில்லிவாட். நீரின் கரிமக் கழிவில் 80 சதவீதம் வரை நீங்கியது.

மின்சாரம் சொற்பம். அதனால் இலத்திரன்களைக் கடத்துவதில் பேர்போன ஜியோபாக்டர் என்ற நுண்ணுயிரின் உள்வேலையை அறிய வேண்டியிருந்தது. 2006இல் அதன் வளர்சிதைமாற்றம் முழுவதையும் கணினியில் மாதிரியாக்கிய ஆய்வின் முதல் ஆசிரியர் ராதாகிருஷ்ணன் மகாதேவன், சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் படித்தவர். அந்த ஆண்டே ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு வந்தார்.

ஐதான நகரக் கழிவைவிடச் செறிந்த கழிவுதான் இந்தக் கலங்களுக்கு முதலில் கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தில் புல்லைச் சூடாக்கி எண்ணெய் எடுத்தபோது மிஞ்சிய நீரை இத்தகைய கலத்தில் நுண்ணுயிர்களுக்குக் கொடுத்தார்கள். பீனோல் போன்ற நச்சுகள் நிறைந்த நீர் அது. பழக்கி வளர்த்த நுண்ணுயிர்க் கூட்டம் அதையும் தின்றது. வெளியிலிருந்து சிறிது மின்னழுத்தம் கொடுத்ததும் மறுபக்க மின்வாயில் ஐதரசன் வாயு வந்தது.