ஊதியத்திற்கு ஆடிய வீரர் வினூ மன்காட்

நம் சங்கத்து அன்பர்களுள் சேப்பாக்கத்தை அறியாதார் இலர். 1952 பிப்ரவரியில் அவ்விடத்தேதான் இங்கிலாந்தை வென்று, இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை எய்தியது. அப்பந்தயத்தில் 12 விக்கெட்டுகளை வீழ்த்தியவர், 1917-இல் ஜாம்நகரில் பிறந்த இடக்கைப் பந்து வீச்சாளர் வினூ மன்காட்.

ஆயின், அவ்வாண்டுக் கோடையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் இடம்பெறவில்லை! லங்காஷயரிலுள்ள ஹாஸ்லிங்டன் கழகம் அவரை ஊதியத்திற்கு அழைத்திருந்தது. அணியில் தமக்கு இடம் உறுதிதானா என்று வாரியத்தாரை வினவினார், அவர்கள் வாக்களிக்கவில்லை. எனவே கழகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். இதனைப் பணத்தாசை எனலாமோ? பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த நமக்கு அவ்வாறு சொல்ல நா எழவில்லை.

லீட்ஸ் பந்தயத்தின் இரண்டாவது இன்னிங்ஸில் ஓர் ஓட்டமும் எடாமல் இந்தியா 4 விக்கெட்டுகளை இழந்தது. அதன்பின் அக்கழகத்தின் இசைவு பெற்று மன்காட்டை அழைத்துக்கொண்டனர். லார்ட்ஸில் அவர் முதலில் 72 ஓட்டங்கள் எடுத்தார். பின்னர் 73 ஓவர்கள் வீசி 5 விக்கெட்டுகளைக் கைக்கொண்டார். 438 பந்துகள் வீசிய அத்தோளே மீண்டும் மட்டையேந்தி 184 ஓட்டங்களைக் குவித்தது. எனினும் இந்தியா தோற்றது.

1956 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நியூஸிலாந்துக்கு எதிராக, பங்கஜ் ராயும் அவரும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தனர். 2008 வரை உலகில் எவரும் அதனை விஞ்சவில்லை. 1959-இல் டெஸ்ட் ஆட்டத்தினின்று நீங்கியபோது, 44 பந்தயங்களில் 2,109 ஓட்டங்களும் 162 விக்கெட்டுகளும் அவர் கணக்கில் இருந்தன. 1978-இல் மறைந்தார். சென்னையில் அவர் தனித்து எடுத்த 231 ஓட்டங்களை 1983-இல் கவாஸ்கர் கடந்ததும் அதே சேப்பாக்கத்தில்தான்.