திருமழபாடியின் பதின்மூன்று ஆண்டுகள்

எங்கள் மரக்காணத்து பூமீஸ்வரர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. உப்பளங்களைப் பற்றிய பேச்சும் அவற்றில் வரும். சோழ அரசில் மன்னன் ஆணை பொதுவாக நேரே கல்லுக்குப் போகாது. மன்னன் வாயால் சொல்வதைத் திருமந்திர ஓலை என்னும் அதிகாரி எழுதுவான், மேலதிகாரிகள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், வரிக்கணக்கில் ஏறும். அதற்குப் பிறகுதான் செம்பும் கல்லும். ஒரே செய்திக்கு ஓலையில் ஒரு பிரதி, கல்லில் ஒரு பிரதி.

நான் சென்னையில் நிறுவனங்களுக்கு டேட்டா சேமிப்பு அமைத்துக் கொடுப்பவன். "எத்தனை டிஸ்க் போனாலும் தாங்கும்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். கேட்க வேண்டியது வேறு: போனதைத் திரும்பக் கட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும்? இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் கணினி உலகத்தில் இல்லை, திருமழபாடியில் இருக்கிறது.

முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், அந்த ஊர்ச் சிவன் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாய்க் கட்டச் சொன்னான். சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படி எடுத்துக்கொண்டார்கள். அவற்றை மறுபடி கல்லில் வெட்டியது இராசேந்திரனின் 14ஆம் ஆண்டில், சுமார் 1026இல். நடுவே பதின்மூன்று ஆண்டுகள். கற்கள் பிரிந்து கிடக்க, அந்தக் கல்வெட்டுகள் சொன்ன கொடைகளுக்குக் கோயிலில் மிஞ்சிய ஆதாரம் அந்தப் படிதான். கரையானோ தீயோ அதைத் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தொடவில்லை, பிழைத்தது. எங்கள் தொழிலில் அந்த இடைவெளிக்கு 'ரீபில்ட்' நேரம் என்று பெயர். நான் பயப்படுவது அதற்குத்தான்.

1988இல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 'ரெய்டு' எனும் டிஸ்க் வரிசை முறையைப் பற்றிய கட்டுரையை எழுதினார்கள். ஐ.பி.எம். 3380 போன்ற ஒரு பெரிய, விலை கூடிய டிஸ்குக்குப் பதிலாக, 100 எம்.பி. கொள்ளும் மலிவான சின்ன டிஸ்குகளை வரிசையாக வைக்கலாம் என்பது யோசனை. எண்ணிக்கை கூடினால் ஏதாவது ஒன்று கெட்டே தீரும். அதற்குத்தான் ஒன்று முதல் ஐந்து வரை நிலைகள். ஒன்றாம் நிலையில் அச்சு அசலாக இன்னொரு பிரதி. ஐந்தில் பாரிட்டி: ஒரு டிஸ்க் போனால் மற்றவற்றிலிருந்து அதைக் கணக்குப் போட்டு மீட்கலாம். அன்றைய 100 எம்.பி. டிஸ்க் முழுவதையும் படிக்க இரண்டு நிமிடம் போதும். இரண்டு நிமிடத்துக்குள் இன்னொன்றும் கெடுவதாவது!

இன்றைய 20 டி.பி. டிஸ்கை நொடிக்கு 200 எம்.பி. வேகத்தில் நிரப்பினாலும் ஏறக்குறைய 28 மணி நேரம். அலுவலக வேலையும் அதே டிஸ்குகளில் ஓடினால் நாள்கணக்கில் நீளும். அத்தனை நேரமும் மிச்ச டிஸ்குகளை ஓயாமல் படித்தாக வேண்டும். அவையும் பெரும்பாலும் ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து வந்தவை, ஒரே வயது. சாதாரண டிஸ்குகளுக்கு 12.5 டி.பி. படித்தால் ஒரு பிழை வரலாம் என்று தயாரிப்பாளர்களே அச்சிட்டுத் தருகிறார்கள். அதனால்தான் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ஆறாம் நிலை வந்தது. பெரிய டிஸ்குகளுக்கு இன்னமும் ஐந்தை விற்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

ஆறாம் நிலையும் எல்லாவற்றையும் காக்காது. 2015 டிசம்பர் 2 அன்று 'தி இந்து'வின் சென்னைப் பதிப்பு வெளிவரவில்லை. 1878இல் தொடங்கிய பத்திரிகை. வெள்ளத்தில் ஊழியர்கள் மறைமலை நகர் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. எந்திரம் நன்றாக இருந்தாலும் இடம் மாட்டிக்கொண்டால் முடிந்தது.

அக்கா வீட்டு மாமா மரக்காணத்தில் உப்பு லாரிக் கணக்கைக் கணினியில் வைத்திருக்கிறார். "பெரிய கம்பெனிக்குப் போடுற மாதிரியே எனக்கும் போட்டுடு மாப்ளே" என்றார். அவர் கணக்கு முழுவதும் சேர்ந்தாலே அரை டி.பி. வராது, ரீபில்ட் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒன்றாம் நிலையில் இரண்டு டிஸ்க் போட்டேன், வெவ்வேறு கம்பெனியுடையவை. மூன்றாவது பிரதி திண்டிவனத்தில் அக்கா மகள் வீட்டில். உப்புக் காற்றும் புயலில் ஏறும் கடல் தண்ணீரும் அவ்வளவு தூரம் வராது. பணம் மிச்சம் என்றதும் மாமாவுக்குச் சந்தோஷம். வாரம் ஒருமுறை அந்த மூன்றாவது பிரதியை எடுத்துப் போய்ப் புதுப்பிப்பது யார் என்பதில்தான் வீட்டில் இன்னும் பஞ்சாயத்து.