நிகோடினும் இதயத் தசையும்

நிகோடின், புகையிலைச் செடியின் வேரில் உருவாகி இலையில் சேரும் ஓர் அல்கலாய்டு. பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி வைத்திருக்கும் நஞ்சு இது. 1828இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் போசல்ட், ரைமான் இருவரும் இதைத் தனியே பிரித்தெடுத்தனர்.

இதயத் தசையை நிகோடின் நேராகத் தொடுவது குறைவு. ஆள் அனுப்பி வேலை வாங்கும் ரகம் அது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த லாங்லி 1889இல் டிக்கின்சனுடன் சேர்ந்து செய்த சோதனைகளில், நிகோடின் நரம்பு முடிச்சுகளை முதலில் தூண்டி, அளவு கூடினால் பின்பு முடக்கிவிடுவதைக் கண்டார். சிகரெட் அளவுக்கு உள்ளே போகும்போது மேலோங்குவது தூண்டல்தான். பரிவு நரம்புகளின் முனைகள் நார்அட்ரினலினையும், சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினையும் கொட்டுகின்றன. இவை தசைச் செல்லின் பீட்டா ஏற்பிகளில் பொருந்தியதும் கால்சியம் வாயில்கள் அகலத் திறக்கின்றன. உள்ளே வரும் கால்சியம், செல்லுக்குள்ளேயே சேமித்து வைத்திருக்கும் கால்சியத்தையும் அவிழ்த்துவிடுகிறது. தசை இழைகள் வழக்கத்தைவிட வலுவாக இழுக்கின்றன. நிமிடத்துக்கு 10 முதல் 15 துடிப்பு கூடும். மேல் ரத்த அழுத்தம் 5 முதல் 10 மி.மீ. வரை ஏறும்.

வலுவான துடிப்பு நல்லதுதானே என்று தோன்றலாம். சிக்கல் வரவு செலவில் இருக்கிறது. இதயத் தசை, ஓய்வில் இருக்கும்போதே தன்னிடம் வரும் ரத்தத்திலிருந்து பெரும்பகுதி ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். கூடுதல் தேவை வந்தால் கூடுதல் ரத்தம்தான் வர வேண்டும். வேறு கையிருப்பு கிடையாது. இடது கீழறையின் தசைக்கு ரத்தம் முக்கியமாகப் பாய்வது இதயம் தளரும் இடைவேளையில். துடிப்பு வேகமானால் அந்த இடைவேளை குறுகுகிறது. போதாக்குறைக்கு, இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுவரும் கரோனரி தமனிகளையும் நிகோடின் சுருக்குகிறது. நல்ல தமனி உள்ளவர் இதைச் சமாளித்துவிடுவார். கொழுப்பு படிந்து குறுகிய தமனி என்றால் தேவைக்கும் வரத்துக்கும் இடையில் விழும் பள்ளம்தான் நெஞ்சுவலி. தொடர்ந்த பயன்பாட்டில் பொட்டாசியம் வாயில்கள் பாதிக்கப்பட்டுத் துடிப்பின் ஒழுங்கு குலைவதையும், தசைக்கு நடுவே நார்த்திசு பெருகுவதையும் விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்த நிகோடின் அன்றாடம் உடலுக்குள் போகும் வழிகளைப் பார்க்க ஒரு வட்டாரம் போதும். சென்னைக்கு மேற்கே, 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தன. ஷிஃப்டும் டீக்கடையும் சிகரெட்டும் சேர்ந்தே போகும் வட்டாரம். பட்டறைக்குள் நெருப்புக்கு இடமில்லை என்றால் வாய்க்குள் அடக்கும் புகையிலை கைகொடுக்கிறது: வெற்றிலையோடு பொயலை, பொட்டலத்து ஹான்ஸ், சீவலும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த மாவா. தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலாவுக்கு 2013இல் தடை வந்தது.

புகை இல்லையே, இதயத்துக்கு என்ன வந்தது என்று கேட்பவர்களுக்குச் சுண்ணாம்பே பதில். நிகோடின் ஒரு மென்காரம். சிகரெட் புகை சற்று அமிலத்தன்மை உள்ளது. அதனால் அதிலுள்ள நிகோடின் வாயில் அதிகம் ஊறாமல் நுரையீரல் வரை போயாக வேண்டும். சுண்ணாம்பு வாயைக் காரமாக்கியதும் நிகோடின் கன்னத்தின் உட்தோல் வழியாகவே ரத்தத்துக்குள் இறங்கிவிடுகிறது. சிகரெட்டின் நிகோடின் சில நிமிடங்களில் உச்சம் தொட்டு வேகமாக இறங்கும். அடக்கிய புகையிலையின் நிகோடின் அரை மணி நேரத்தில் உச்சத்துக்கு வந்து, இறங்க மனமில்லாமல் நிற்கும். இந்தியா உட்பட 52 நாடுகளில் நடந்த இண்டர்ஹார்ட் ஆய்வில் புகைப்பவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ 3 மடங்காக இருந்தது. புகையிலை மெல்லுபவர்களுக்கு அது 2 மடங்குக்கும் சற்று மேல்.

அதற்காக எல்லாப் பழியையும் நிகோடின் தலையில் போடுவதும் நியாயமில்லை. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தைக் கெட்டியாக்கி உறையவைப்பதிலும் புகையின் மற்ற நச்சுகளுக்கே பெரும் பங்கு. பழக்கத்தை விட உதவும் நிகோடின் ஒட்டுப்பட்டை இதய நோயாளிகளுக்குக்கூட மருத்துவர் மேற்பார்வையில் தரப்படுவதற்கு இதுவே காரணம். அதில் நிகோடின் மெதுவாக வருகிறது, புகை வருவதில்லை. 'நிகோடினை விடச் சொல்லிவிட்டு நிகோடினையே தருகிறார்களே' என்ற சந்தேகத்துக்கு இங்கே விடை உண்டு.

இதே வட்டாரத்தில், அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இருக்கிறது தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம். 2017இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. அந்த ரத்த அழுத்த அளவையும் நிகோடின் ஏமாற்றிவிடும். ரத்த அழுத்தம் பார்க்கும் முன் அரை மணி நேரம் புகையிலையும் டீ, காபியும் கூடாது என்பது அளக்கும் முறையின் பொது விதி. கடை வாசலில் தம் போட்டுவிட்டு நேரே நாற்காலியில் வந்து உட்காருபவரின் கையில் பட்டையைச் சுற்றினால், கருவி காட்டும் எண்ணில் அவருடைய சிகரெட்டும் சேர்ந்திருக்கும்.