நேற்று 24 மணி நேரமும் எங்கே போச்சு? உங்கள் நாளை எழுதிவைப்பது எப்படி, எதற்கு?

நேற்று வீட்டு வேலைக்கு எத்தனை நிமிடம் செலவழித்தீர்கள்? ரொம்ப யோசிக்காமல் ஒரு எண் சொல்லுங்கள். அதை எங்காவது குறித்து வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

மத்திய புள்ளியியல் அமைச்சகத்துக்கும் இந்த எண் வேண்டும். ஆனால் அது இப்படி நேரடியாகக் கேட்பதில்லை. 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை நடந்த 'நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில்' களப்பணியாளர்கள் 1,39,487 வீடுகளுக்குப் போனார்கள். "நேற்று காலை 4 மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? நாலரைக்கு? ஐந்து மணிக்கு?" என்று தொடங்கி, இன்று காலை 4 மணி வரை கேட்டார்கள். அரை மணிக்கு ஒரு கட்டம், மொத்தம் 48 கட்டங்கள். 6 வயதும் அதற்கு மேலும் உள்ள 4,54,192 பேரின் ஒரு நாள் இப்படித்தான் பதிவானது.

இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? நேரடியாகக் கேட்டால், நாம் செய்ததைச் சொல்ல மாட்டோம். நம்மைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருப்பதைச் சொல்வோம். அமெரிக்காவில் "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டு வந்த பதில்களை, மக்களின் நேரக் குறிப்புகளோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். பொதுவாகவே மக்கள் கூட்டித்தான் சொல்லியிருந்தார்கள். மிக அதிக மணி நேரம் சொன்னவர்களிடம்தான் இடைவெளியும் மிகப் பெரிது. வாரம் 70 மணி நேரம், 90 மணி நேரம் என்று நம் ஊர் நிறுவனத் தலைவர்கள் பேசும்போது எனக்கு இந்த ஒப்பீடுதான் ஞாபகம் வரும்.

கட்டம் கட்டமாகக் கேட்கும்போது கூட்டிச் சொல்ல இடம் குறைவு. ஒரு வேலைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தால், தூக்கத்திலிருந்தோ பயணத்திலிருந்தோ அதை எடுத்தாக வேண்டும். நாள் முழுக்கக் கூட்டினால் 24 மணிதானே வர வேண்டும்!

289-க்கும் 88-க்கும் நடுவில்

2024 கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள். 2019-இல் இது 299-ஆகவும் 97-ஆகவும் இருந்தது. செய்திகளில் இந்த எண்களைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் இவற்றைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அன்றைக்கு வீட்டு வேலை செய்தவர்களுடைய சராசரி மட்டும்தான் இது. ஒரு நாளில் வீட்டு வேலை செய்தவர்கள் பெண்களில் 81.5 சதவீதம், ஆண்களில் 27.1 சதவீதம். கை வைக்காதவர்களையும் சேர்த்து வகுத்துப் பாருங்கள். பெண்ணுக்குச் சுமார் 236 நிமிடம், ஆணுக்குச் சுமார் 24 நிமிடம். மூன்று மடங்குக்கு மேல் என்று தெரிந்தது, கிட்டத்தட்ட பத்து மடங்காகிவிடுகிறது.

"இதெல்லாம் சர்வே, யாருக்கு என்ன ஆகப் போகுது?" என்று கேட்கலாம். 2021 ஜனவரியில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், சம்பாதிக்காத மனைவியின் உழைப்புக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தில் வந்தது. டெல்லியில் இருசக்கர வாகனத்தில் போன தம்பதி இறந்துபோன வழக்கு அது. தீர்ப்பில் 2019 கணக்கெடுப்பின் 299, 97 ஆகிய இந்த எண்கள் எடுத்துக் காட்டப்பட்டன. இல்லத்தரசிக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. யாரோ ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டு நிரப்பிய கட்டங்கள், வேறொரு வீட்டுப் பிள்ளைகளின் இழப்பீட்டில் எடையாக நின்றன. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டை நடத்திய மனைவிக்குச் சம பங்கு உண்டு என்று ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது.

சரி, நம் வீட்டுக்கு வருவோம்

நானும் என் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். "நம்ம வீட்ல ஃபிஃப்டி-ஃபிஃப்டி" என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இந்த 48 கட்டத் தாளை ஒரு வாரம் இருவரும் தனித்தனியாக நிரப்பினோம், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி செய்த மூன்று மணி நேரம் என் தாளில் பளிச்சென்று இருந்தது. தினமும் மாவு இருக்கிறதா என்று பார்ப்பது, பருப்பு ஊறப் போடுவது, துணி எடுத்து மடிப்பது எல்லாம் அவள் தாளில் இருந்தது. பெருமை அன்றோடு போச்சு. தாளை வைத்துச் சண்டை போடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். சண்டை எப்போதும் "நீ எதுவுமே செய்யறதில்ல" என்றுதான் ஆரம்பிக்கும். தாள் கையில் இருந்தபோது "செவ்வாய், வியாழன் காலை டிபன் யாரு?" என்று பேச்சு ஆரம்பித்தது.

செய்வது சுலபம். செயலி எதுவும் வேண்டாம், ஒரு தாளும் பேனாவும் போதும். காலை 4 மணியிலிருந்து அடுத்த நாள் காலை 4 மணி வரை அரை மணிக் கட்டங்கள் போடுங்கள். நள்ளிரவு 12-இல் தொடங்கினால், இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள், லேட்டாகத் தூங்குபவர்களின் ஒரே இரவு இரண்டு நாளாக உடைந்துவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்தீர்கள், யாருக்காகச் செய்தீர்கள், கூடவே வேறு என்ன நடந்தது என்று மூன்று பத்திகள். அந்த மூன்றாவது பத்தியை விட்டுவிடாதீர்கள். குழந்தையைப் பார்த்துக்கொண்டே சமைப்பது, மீட்டிங்கில் இருந்துகொண்டே சிலிண்டர் புக் பண்ணுவது எல்லாம் அங்கேதான் சிக்கும்.

அரசுக் கணக்கெடுப்பே தவறவிடும் ஒரு இடமும் இதில் உண்டு. ஒரு கட்டத்தில் பல வேலைகள் நடந்திருந்தால், 10 நிமிடமாவது செய்ததைத்தான் அது எடுத்துக்கொள்ளும். பள்ளி வாட்ஸ்அப் குழுவுக்குப் பதில் போடுவது, பால் பாக்கெட் கணக்கு, மாமியாரின் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பது, இவையெல்லாம் இரண்டு, மூன்று நிமிட வேலைகள். ஆனால் நாள் முழுக்கத் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் தாளில் இவற்றுக்கு ஒரு கோடு போட்டுவிடுங்கள். வார இறுதியில் கோடுகளை எண்ணினால் போதும்.

உடனுக்குடன் எழுத முடியாவிட்டால் மறுநாள் காலை எழுதுங்கள். அதற்கு மேல் தள்ளினால் ஞாபகம் கதை கட்ட ஆரம்பித்துவிடும். அலுவலக நாள் இரண்டு, ஞாயிறு ஒன்று என்று மூன்று நாள் எழுதினாலே ஓரளவு உருவம் தெரியும். போனில் எவ்வளவு நேரம் போனது என்பதற்கு மட்டும் உங்கள் ஞாபகத்தை நம்பாதீர்கள், போனிலேயே இருக்கும் ஸ்கிரீன் டைம் கணக்கைப் பாருங்கள்.

10,000 அடி, 66 நாள்: இவை என்ன?

பழக்கங்களை டிக் அடித்துப் பின்தொடர்பவர்கள் அடிக்கடி மோதும் இரண்டு எண்கள். தினமும் 10,000 அடி நடக்க வேண்டும் என்ற இலக்கு, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அந்தப் பெயரின் பொருளே 'பத்தாயிரம் அடி மீட்டர்'. வயதான பெண்களிடம் 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நடை கூடக் கூட இறப்பு விகிதம் குறைந்தது, ஆனால் சுமார் 7,500 அடியிலேயே அந்தப் பலன் நிலைபெற்றுவிட்டது. 66 நாள் என்பது லண்டனில் 96 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வின் நடு எண். ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் வரைகூட என்று அதே ஆய்வு கணித்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை என்றும் அதில் தெரிந்தது. 'ஸ்ட்ரீக்' உடைந்ததே என்று செயலி அழவைத்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

தாள் என்று நான் அடம்பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி, பயனர்கள் ஓடிய, சைக்கிள் ஓட்டிய பாதைகளைச் சேர்த்து ஒரு உலக வரைபடம் வெளியிட்டது. யார் பெயரும் அதில் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு மாணவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஆள் நடமாட்டமே இல்லாத பாலைவனத்தில் ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதை பளபளவென்று தெரிந்தது. மாதவிடாய், தூக்கம், குடி, மனநிலை என்று எதையாவது செயலியில்தான் குறிப்பீர்கள் என்றால், தகவல் போனிலேயே இருக்கிறதா, நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறதா என்று செட்டிங்ஸில் பார்த்துவிடுங்கள். கணக்கை மூடும்போது பழைய பதிவுகளை இறக்கிக்கொள்ள, அழிக்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது, ஆரம்பத்தில் குறித்து வைத்த எண்ணை எடுங்கள். நேற்றைய நாளுக்கு 48 கட்டங்களை நிரப்ப அரை மணி நேரம்கூட ஆகாது. வீட்டு வேலை என்று வருவதை மட்டும் கூட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் அவரிடமும் ஒரு தாள் கொடுங்கள்.