முளைக்காத ஒரு சட்டி: அம்மன் முளைப்பாரியும் நம்ம லயத்துக் கொல்லையும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

போன வருஷத் திருவிழாவுல நடந்த ஒரு விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறோம். காப்புக் கட்டி முளைப்பாரி போட்டோம். மூணாம் நாள் எல்லார் சட்டியிலும் வெள்ளையா முளை எட்டிப் பார்த்தது. ஒரே ஒரு சட்டியில மட்டும் ஒண்ணுமில்ல. அந்தச் சட்டிக்குச் சொந்தக்காரப் பொண்ணுக்கு இருபது வயசு இருக்கும். அப்பாவுக்கு அறுவை சிகிச்சைன்னு வேண்டிக்கிட்டு விரதம் இருந்தவங்க. அஞ்சாம் நாளும் முளைக்கல. ஓரமா உட்கார்ந்து, "அம்மனுக்கு என் மேல என்ன கோபம்?"னு அழ ஆரம்பிச்சிட்டாங்க.

எங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அப்போ தோட்டத்துல பிறந்து வளர்ந்த ஒரு பாட்டி வந்தாங்க. சட்டி மண்ணை விரலால கிளறி, ரெண்டு மணியை எடுத்து வெளிச்சத்துல பார்த்தாங்க. "தாயி, இது தோல் நீக்கின உளுந்து. இது வெள்ளை எள்ளு, தோல் போனது. கொண்டைக்கடலை வறுத்தது. எப்படிம்மா முளைக்கும்? விதையோட குத்தம், உன் குத்தம் இல்ல"ன்னு சொல்லி அந்தப் பொண்ணு தலையைத் தடவிக் கொடுத்தாங்க. அவசரத்துல கடையில சமையலுக்கு விக்கிற பாக்கெட்டை வாங்கிட்டு வந்திருக்காங்க, அவ்வளவுதான். பாட்டி தன் வீட்டு டப்பாவிலிருந்து முழுத் தானியம் கொண்டு வந்து ஊறவைச்சுக் கொடுத்தாங்க. கடைசி நாள் ஊர்வலத்துல அந்தச் சட்டியும் போச்சு. மத்ததைவிடக் குட்டையா இருந்தாலும் பச்சையா நின்னது.

அன்றிலிருந்து ஒரு கேள்வி எங்களை விடல. முழுத் தானியம் எது, உடைச்ச தானியம் எது என்று அந்தப் பாட்டிக்குத் தெரிந்தது ஏன் நமக்குத் தெரியாமல் போனது? அதைத் தேடிப் போனால், நாம் இந்த மண்ணுக்கு வந்த கதையே ஒரு விதைக் கதையாக இருக்கிறது.

*

முதலில் முளைப்பாரி. இது நேற்று வந்த வழக்கம் இல்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி திருமணத்திலேயே பெண்கள் முளைப்பாலிகை ஏந்தி வருகிறார்கள். இன்றும் கல்யாணத்தில் பாலிகை தெளிக்கிறோம். கும்பாபிஷேகம், கொடியேற்றம் என்றால் சிவாச்சாரியார்கள் முதலில் மண் எடுத்து, பாலிகைக் கிண்ணங்களில் தானியம் விதைப்பார்கள். அதுதான் அங்குரார்ப்பணம். இரவில்தான் செய்வார்கள். காரணம், செடிகொடிகளுக்கு அதிபதி சந்திரன். முளை நேராக வந்தால் நன்மை, கோணலாகவோ கறுத்தோ வந்தால் சாந்தி செய்ய வேண்டும் என்று ஆகமம் சொல்கிறது.

இதையே கிராமத்துப் பெண்கள் அம்மனுக்குச் செய்தால் முளைப்பாரி. மண், காய்ந்த எரு, வைக்கோல், ஊறவைத்த நவதானியம். வெளிச்சம் படாத அறை. வெளிச்சம் இல்லாததால் முளை பச்சை பிடிக்காமல் வெளுத்த மஞ்சளாய், கிடுகிடுவென உயரமாக வளரும். சுற்றி நின்று கும்மி. கடைசி நாள் தலையில் சுமந்து போய் நீரில் கரைப்பார்கள்.

உழவர் கண்ணோடு இதைப் பாருங்கள். ஊரில் எல்லா வீட்டு விதையும் ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே மாதிரி மண்ணில் போடப்படுகிறது. எந்த வீட்டு விதை நன்றாக முளைக்கிறது, எது சொத்தை என்று ஊருக்கே தெரிந்துவிடும். நல்ல விதை உள்ள வீட்டில் மற்றவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பக்தியோடு சேர்த்து, விதைப்புக்கு முன்னால் ஒரு விதைச் சோதனையும் நடந்துவிடுகிறது. அம்மன் பெயரே மாரி. மாரி என்றால் மழை. மழைக்கு முன் விதையைக் கொண்டுபோய் மழைத் தாயிடம் காட்டுகிறோம்.

உலகத்தில் நாம் மட்டும் இப்படிச் செய்யவில்லை. ஈரானில் வசந்த காலப் புத்தாண்டான நவ்ரோஸுக்கு வீட்டுக்கு வீடு தட்டில் கோதுமையோ பயறோ முளைக்க வைத்து, பிறகு ஓடும் நீரில் விடுகிறார்கள். வட இந்தியாவில் நவராத்திரிக்குச் சட்டியில் பார்லி விதைக்கிறார்கள். பழைய ஏதென்ஸ் நகரப் பெண்கள் உடைந்த பானைகளில் விதை போட்டு வீட்டுக் கூரை மேல் வைத்திருக்கிறார்கள்.

*

இப்போது நம் ரவாங்குக்கு வருவோம். இந்த ஊர் முதலில் ஈயத்தால் எழுந்தது. பத்துமலைத் திருத்தலத்தைத் தொடங்கிவைத்த அதே தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் 1894-இல் ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டு வந்தார்கள். மலாயாவின் முதல் மின்சாரம் என்று அதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் நம் பாட்டன் பாட்டிகளைப் பெருங்கூட்டமாக இங்கே கொண்டு வந்தது ஈயம் இல்லை. ஒரு விதை. 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டு போனார். ரப்பர் விதை சில வாரங்களிலேயே உயிரிழந்துவிடும். அதனால் முளைத்தவை நூற்றுக்கு நாலு கூட இல்லை. முளைத்ததில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அதில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. பிறகு சிங்கப்பூர்ப் பூங்காவின் ரிட்லி, தோட்ட முதலாளிகளைப் பார்த்தாலே ரப்பர் விதையைக் கையில் திணிப்பாராம். 'பைத்தியக்கார ரிட்லி' என்றே அவருக்குப் பட்டப்பெயர்.

1900-க்குப் பிறகு மோட்டார் வாகனங்கள் பெருகின, ரப்பர் விலை ஏறியது, சிலாங்கூர்க் காடுகள் ரப்பர் தோட்டங்கள் ஆயின. அதில் வேலை செய்ய நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் நம்மவர்கள் கப்பல் ஏறினார்கள். விக்கம் கொண்டு போன விதைகளில் அந்தக் கொஞ்சமும் முளைக்காமல் போயிருந்தால், நம்மில் பலர் இன்று ரவாங்கில் இருந்திருக்க மாட்டோம்.

அந்தக் கப்பலில் இன்னொரு விதையும் வந்தது. முந்தானையில் முடிந்து கொண்டு வந்த கத்தரி, மிளகாய், அவரை, கீரை விதை. இதைத் தங்கள் பாட்டி சொன்னதாக நம் ஆலயத்திலேயே பல குடும்பங்கள் சொல்கின்றன. துரையின் விதை கணக்கில் ஏறியது. நம் பாட்டியின் விதை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

*

லயத்து வீடு சின்னது. ஆனால் பின்னால் கொஞ்சம் நிலம் இருக்கும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குப் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்றது. அது சுமார் 2,700 சதுர அடி. இன்றைக்கு நம்மில் பலர் இருக்கும் மாடி வீட்டைவிடப் பெரிது!

காலையில் பால்மரக் காடு, மத்தியானம் ஸ்டோருக்குப் போய்ப் பால் ஊற்றிவிட்டு வந்தால், சாயங்காலம் கொல்லை. வெண்டை, கத்தரி, புடலை, பீர்க்கு, மரவள்ளி, வாழை, முருங்கை, கறிவேப்பிலை, அம்மனுக்கு ஒரு வேப்பமரம். சம்பளம் போதாத வீட்டில் பிள்ளைகளுக்குக் கீரையும் காயும் கிடைத்தது அந்தக் கொல்லையால்தான். அதைப் பார்த்துக்கொண்டதும் பெரும்பாலும் பெண்கள்தான்.

இங்கே ஒரு சிக்கல். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது ஊர்ப் பழமொழி. இங்கே அது அப்படியே பொருந்தாது. சிலாங்கூரில் ஜூன், ஜூலை மழை குறைந்த மாதங்கள். இங்கே ஏப்ரல், மே ஒரு மழை, அக்டோபர், நவம்பர் இன்னொரு பெரிய மழை. அதாவது சித்திரையும் ஐப்பசியும். வருஷப் பிறப்புக்கு ஒட்டி ஒரு விதைப்பு, தீபாவளிக்கு ஒட்டி ஒரு விதைப்பு. அதோடு பிப்ரவரி, மார்ச் வாக்கில் பால்மரம் இலை உதிர்க்கும். பால் குறையும், வருமானமும் குறையும். அப்போது கொல்லையைக் கொத்திப் பாத்தி கட்டி வைத்தால் சித்திரை மழைக்குத் தயார். குளிர்நாட்டுக்காரர்களுக்கு வசந்தம் எப்படியோ, நமக்குச் சித்திரை அப்படி.

விதையைக் காப்பாற்றியதையும் சொல்ல வேண்டும். முதல் காய், நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல் கொடியிலேயே முற்ற விடுவார்கள். பீர்க்கும் சுரையும் முழுக்காயாகவே அடுப்புக்கு மேலே தொங்கும். புகை பட்டால் பூச்சி வராது. கத்தரி விதையில் அடுப்புச் சாம்பல். பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அப்பிவிடுவார்கள். வேண்டும்போது சுவரிலிருந்து பேர்த்து எடுத்து ஊன்ற வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் நடுவில் அம்மன் திருவிழா. முளைப்பாரி போட வேண்டுமானால் வீட்டில் உயிருள்ள முழு விதை இருந்தாக வேண்டும். கடைச் சாமானாக வரும் உடைத்த பருப்பு முளைக்காது. புழுங்கலரிசி முளைக்காது. ஆகவே வருஷம் தவறாமல் யாராவது ஒருவர் துவரையும் மொச்சையும் பயறும் விதைக்கு எடுத்து வைத்தார்கள். சாமிக்குப் பயந்து செய்தது, விதை அறிவைக் காப்பாற்றியது.

*

அந்தக் கொல்லையின் அருமை ஜப்பான்காரன் காலத்தில் தெரிந்தது. 1941 டிசம்பரில் யுத்தம் வந்தது. கப்பல் நின்றது, பர்மா அரிசி நின்றது. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் ராகியும்தான் சோறு. ஆண்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. லயத்தில் மிஞ்சிய பெண்கள் ஒரு மரவள்ளிக் குச்சியை ஒடித்து ஊன்றிப் பிள்ளைகளை உயிரோடு வைத்தார்கள். அந்தத் தலைமுறைக்கு மரவள்ளிக் கிழங்கு என்றாலே முகம் மாறும். பசியும் நினைவுக்கு வரும், பிழைத்ததும் நினைவுக்கு வரும்.

பிறகு 1974-இல் துன் அப்துல் ரசாக் அரசாங்கம் பச்சைப் புத்தகத் திட்டம் என்று தொடங்கி, வீட்டைச் சுற்றிக் காய்கறி போடுங்கள் என்று நாடு முழுக்கச் சொன்னது. தோட்டத்து வீடுகளுக்கு அது புதுச் செய்தி இல்லை.

அடுத்து வந்ததுதான் பெரிய மாற்றம். தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, துண்டு துண்டாகின, வீடமைப்புத் திட்டங்கள் ஆயின. நம் மக்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்தார்கள். அரங்கில் பேசும்போது வேலை போனதையும் வீடு போனதையும் சொல்வோம். அது சரிதான். ஆனால் கொல்லை போனதை யாரும் சொல்வதில்லை. அதோடு அடுப்பு மேல் தொங்கிய பீர்க்கங்காயும் போனது. சிமெண்டுத் தரையில் சாணம் அப்ப முடியுமா? அம்மனை மட்டும் கையோடு கூட்டி வந்துவிட்டோம். அவளுக்குப் படைக்கும் விதையை விட்டுவிட்டு வந்துவிட்டோம். அதனால்தான் அந்தச் சட்டி முளைக்கவில்லை.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நம்மில் எத்தனை பேர் பால்கனியில் பழைய பெயிண்ட் வாளி வைத்துக் கீரை போட்டோம்! கை மறக்கவில்லை. விதைதான் இல்லை.

*

சித்திரை பிறக்கப் போகிறது, மழையும் வரும். இந்த வருஷத் திருவிழாவுக்கு எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான்.

விரதம் இருப்பவர்கள் தானியத்தை முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள். பத்து மணியை எடுத்து ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி மூணு நாள் வையுங்கள். துணி காயக் கூடாது, தண்ணீரும் தேங்கக் கூடாது. எட்டு முளைத்தால் நல்ல விதை. அஞ்சுக்குக் கீழே என்றால் வேறு வாங்குங்கள். தோல் நீக்கியது, உடைத்தது, வறுத்தது எதுவும் வேண்டாம்.

வீட்டில் பெரியவர்கள் யாராவது இன்னும் விதை எடுத்து வைத்திருந்தால், ஒரு கைப்பிடி ஆலயத்துக்குக் கொண்டு வாருங்கள். டப்பாவில் செடி பெயர், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, யார் வைத்திருந்தது என்று ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள். கொடியேற்றத்தன்று மண்டபத்தில் ஒரு மேசை போடுகிறோம். கொடுப்பவர் கொடுக்கலாம், வேண்டியவர் எடுக்கலாம். காசு இல்லை.

முளைப்பாரி கரைத்ததும் பிளாஸ்டிக் பையில் கட்டிச் சாக்கடையில் போட்டுவிடாதீர்கள். மண்ணோடு வீட்டுச் செடி அடியில் புதையுங்கள். அதுவும் பூமித்தாய்க்குத்தான் போகிறது.

கடைசியா ஒண்ணு. யாருடைய சட்டியாவது முளைக்கலைன்னா, தயவுசெஞ்சு யாரும் ஜாடையா பேச வேண்டாம். அம்மன் கோபம்னு ஒரு பொண்ணை அழ வைக்க வேண்டாம். பக்கத்துல உட்கார்ந்து, மண்ணைக் கிளறி, விதையைப் பாருங்க. அந்தப் பாட்டி மாதிரி நம்ம டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி கொடுங்க.

அந்தப் பொண்ணோட அப்பா நல்லா இருக்கார். இந்த வருஷம் அவங்களே முதல் ஆளா வந்து பேர் கொடுத்திருக்காங்க. விதையைச் சோதிச்சுட்டாங்களாம். பத்துக்கு ஒன்பது.

ஓம் சக்தி. உங்க குடும்பத்துப் பெரியவங்களுக்கும் இதை வாசிச்சுக் காட்டுங்க. அவங்க சொல்ற கதையைக் கீழே எழுதுங்க, நாங்க ஒவ்வொண்ணையும் படிப்போம்.