வீட்டை விற்றுக் கடன் தீர்த்தபின் புதிய வீட்டுக் கடன்

வீட்டை விற்றுக் கடனை அடைத்த குடும்பம் மீண்டும் வீடு வாங்க வங்கியிடம் பெறும் ஈட்டுக் கடன், இலங்கையில் இரண்டு ஆவணங்களில் தங்கியுள்ளது: பழைய கடன் தீர்ந்ததைக் காட்டும் பதிவு, வாங்கப்போகும் வீட்டின் தெளிவான உறுதி. அரச தொடர்மாடிகள் கொண்ட மாளிகாவத்தையில் (கொழும்பு 10) இரண்டாவது ஆவணத்துக்குத் தனிக் கவனம் தேவை.

பின்னணி

2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் பெற்றோரின் மாதத் தவணை ஏறியது. தவணை தவறினால், 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, நீதிமன்றம் செல்லாமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்க வங்கிக்கு உரிமை உண்டு. 'பராட்டே' எனப்படும் இந்த உரிமை 2024இல் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. ஏலம் வருமுன் உரிமையாளர் தானே விற்றால், விலை பேச அவகாசம் கிடைக்கிறது.

ஈட்டை விடுவித்தல்

வாங்குபவரின் பணத்தில் கடன் தீர்ந்ததும் வங்கி ஈட்டு விடுவிப்பில் கையொப்பமிடும். அது காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். வட்டிச் சலுகையுடன் தீர்த்த கடனாயின், நிலுவை எதுவும் இல்லை என்ற கடிதத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.

கொடுகடன் அறிக்கை

1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட கொடுகடன் தகவல் பணியகம், 'கிரிப்' என்றே அறியப்படுகிறது. கடன் கொடுப்பதா மறுப்பதா என அது தீர்மானிப்பதில்லை, தீர்மானம் வங்கியுடையது. தவறிய தவணைகளோடு, பிறருக்குப் பிணை நின்ற கடன்களும் அறிக்கையில் தெரியும். தம் அறிக்கையை எவரும் பெறலாம். தீர்த்த கடன் நிலுவையாகக் காணப்பட்டால், தகவலை அனுப்பிய வங்கியே அதைத் திருத்த வேண்டும். ஆகவே புதிய விண்ணப்பத்துக்கு முன்னரே அறிக்கையைப் பார்ப்பது நல்லது.

தொடர்மாடி வீடும் உறுதியும்

தொடர்மாடியில் தனி வீட்டின் உரிமை 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின்கீழ் வருகிறது. குடியிருப்பு அனுமதி, மின்சாரப் பட்டியல், நீண்டகால வசிப்பு ஆகியவை உறுதிக்கு ஈடாகா. உறுதி இல்லாத வீட்டை அற்றோணித் தத்துவத்தின் பேரில் கைமாற்றினால், அதை வங்கியில் ஈடுவைக்க முடியாது. அரச தொடர்மாடியாயின், உரிமை நிலையைத் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையிடம் எழுத்தில் கேட்டறிய வேண்டும்.

நிதி வழிகள்

வங்கி சொத்து மதிப்பின் ஒரு பகுதியையே கடனாகத் தரும். மீதியுடன் முத்திரை வரியும் வாங்குபவர் பொறுப்பு: முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3%, எஞ்சிய தொகைக்கு 4%. பத்து ஆண்டு சேவையும் குறைந்தது 3 இலட்சம் ரூபா மீதியும் உள்ள ஊழியர் சேமலாப நிதி அங்கத்தவர், வீட்டுத் தேவைக்காக மீதியில் 30% வரை முன்கூட்டியே பெறலாம். வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் குடும்பங்களுக்கு, 2011இல் தொடங்கிய அமானா வங்கி போன்றவை கூட்டுடைமை முறையை வழங்குகின்றன: வங்கியின் பங்கை வாடிக்கையாளர் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்வார்; எஞ்சிய பங்குக்கு வாடகை செலுத்துவார்.

முற்பணத்துக்கு முன்

ஒரு முறை வீடிழந்த குடும்பத்தின் கையில் இருப்பது பெரும்பாலும் அந்த விற்பனையில் மிஞ்சிய பணமே. நொத்தாரிசு பதிவகத்தில் உரித்து வரலாற்றைத் தேடி, வங்கியும் வாங்கப்போகும் வீட்டின் உறுதியை ஏற்ற பின்னரே அந்தப் பணத்திலிருந்து முற்பணம் கொடுக்க வேண்டும்.