அஞ்சலட்டையில் வந்த தீர்ப்பு

கலை வரலாறு எழுதப் புகுவோர், ஆக்கியோன் பெயரையும் ஆக்கப்பட்ட ஆண்டையும் தவறாது குறிப்பர். ஆனால், அந்நூலைப் படித்தவர் யாது நினைத்தனர், அப்படத்தைப் பார்த்தவர் யாது கூறினர், அப்பாட்டைக் கேட்டவர் அதனை ஏன் மறுபடியும் கேட்க விழைந்தனர் என்னும் வினாக்களுக்கு அவ்வரலாறுகளில் பெரும்பாலும் இடமிருப்பதில்லை. நம் முன்னோர் இவ்வகையில் விழிப்பாகவே இருந்தனர். சிறப்புப் பாயிரத்துக்கு உரிய எட்டினை நன்னூலார் வகுத்தபோது, ஆக்கியோன் பெயர், வழி, எல்லை முதலியவற்றோடு ‘கேட்போர்’ என்பதனையும் ஒன்றாக வைத்தார். கேட்போர் இல்லாதவிடத்து நூல் நிறைவு பெறாது என்பது அதன் கருத்தாகும். புலவன் தன் நூலை அவையிலே அரங்கேற்றும் வழக்கமும் இக்கருத்தினையே உணர்த்தும்.

நேயர்களே, அந்த அவை நம் காலத்தில் மிக விரிந்துவிட்டது. பாட்டையும் படத்தையும் கதையையும் சுவைத்து, அவற்றைப்பற்றித் தம் கருத்தை எழுதி அனுப்பிய இரசிகர்களே அவ்வவையினர். அவர்களுடைய அஞ்சலட்டைகள் ஒரு பெருநாட்டின் அரசாங்கக் கொள்கையையே அசைத்த வரலாறு கொழும்பு மாநகரோடு நெருங்கிய தொடர்புடையது. அதனையும், அந்த அஞ்சலட்டைகளுக்குப் பின்னர் நேர்ந்ததையும் இங்குச் சிறிது ஆராய்வோம்.

கொழும்பு வானொலி 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், தென்கிழக்கு ஆசியப் படைத்தலைமையகம் தன் படைவீரர்களுக்காக ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பு நிலையம் ஒன்றை இந்நாட்டிலே நிறுவியது. போர் முடிந்தபின் அது இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. படைவீரர்க்காக அமைத்த கருவி பாமர மக்களின் காதுக்கு விருந்தளிக்கலாயிற்று. 1950ஆம் ஆண்டில் வர்த்தக சேவை தொடங்கியபோது, இலங்கை வானொலியின் குரல் பாக்குநீரிணையைக் கடந்து பாரதம் முழுவதிலும் தெளிவாகக் கேட்டது.

இவ்வேளையில் இந்தியாவில் நிகழ்ந்தது யாது? 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், திரையிசை மக்களின் சுவையைக் கெடுக்கும் என்று கருதியவர். சாஸ்திரீய சங்கீதத்தை வளர்ப்பதே வானொலியின் கடன் என்பது அவர் கொள்கை. அதன்படி அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குரிய நேரம் சுருக்கப்பட்டது. படத் தயாரிப்பாளர்களோடு பிணக்கும் மூண்டது. பாடல்கள் ஏறத்தாழ முற்றாகவே நின்றுபோயின. அவருடைய நோக்கம் உயர்ந்ததாயிருக்கலாம். ஆயினும், கேட்போரைக் கேளாமலே கேட்போர்க்கு நன்மை செய்ய முற்பட்டதே அதிலிருந்த குறையாகும்.

கேட்போர் கூட்டம் கூட்டவில்லை. கண்டன ஊர்வலம் நடத்தவில்லை. வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பிக் கொழும்பில் நிறுத்தினர், அவ்வளவே. 1952ஆம் ஆண்டின் இறுதியில் ‘பினாக்கா கீதமாலா’ என்னும் இந்தி நிகழ்ச்சி இலங்கை வானொலியில் தொடங்கிற்று. பம்பாயிலே பதிவாகிக் கொழும்பிலிருந்து ஒலிபரப்பான அதனை நடத்தியவர் அமீன் சயானி. முதலில் அது ஒரு போட்டியாகவே இருந்தது. ஏழு பாடல்களை முறைமாற்றி ஒலிபரப்புவர். அவற்றைக் கால வரிசைப்படி அமைத்து எழுதுவோர்க்கு 100 ரூபாய்ப் பரிசு. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்தன என்றும், சிறிது காலத்தில் அத்தொகை வாரத்துக்கு 65,000 வரை பெருகியது என்றும் சயானி பின்னாளிற் கூறியுள்ளார்.

இவ்வளவு கடிதங்களையும் திருத்திப் பரிசளிப்பது இயலாத காரியம். ஆகவே நிகழ்ச்சி, பாடல்களை விருப்பத்தின்படி வரிசைப்படுத்தும் முறைக்கு மாறியது. இசைத்தட்டு விற்பனைக் கணக்கும், ஊர்தோறும் தோன்றிய நேயர் மன்றங்களின் கருத்தும் அவ்வரிசைக்கு ஆதாரமாயின. இவ்விரண்டும் வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. மிகுதியாக விரும்பப்பட்ட இசைத்தட்டு கடையில் தீர்ந்துபோனால், விற்பனைக் கணக்கில் அது பின்தங்கிவிடும். விருப்பம் வேறு, விற்பனை வேறு என்பதை ஒலிபரப்பாளர் அப்பொழுதே உணர்ந்திருந்தனர்.

இதன் பயன் யாதாயிற்று? 1957ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், அகில இந்திய வானொலி ‘விவித பாரதி’ என்னும் மெல்லிசைச் சேவையைத் தொடங்கியது. திரையிசைக்கு அதில் தாராளமாக இடங்கிடைத்தது. கேஸ்கர் அமைச்சராக இருந்த காலத்திலேயே இது நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது. சட்டமன்றத்தில் எழாத ஒரு தீர்ப்பை அஞ்சலட்டைகள் எழுதிவிட்டன என்றே கூறலாம்.

இனி நம் தமிழ்ச் சேவையை நோக்குவோம். எஸ். பி. மயில்வாகனத்தின் குரலுக்காகத் தமிழ்நாட்டு நகரங்களிலும் சிற்றூர்களிலும் மக்கள் காத்திருந்த காலம் ஒன்றிருந்தது. ‘நீங்கள் கேட்டவை’ போன்ற நிகழ்ச்சிகளிலே, பாடலுக்கு முன் அதனை விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களும் ஊர்களும் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்பட்டன. தன் பெயர் கடல் கடந்து ஒலிப்பதைக் கேட்டவனுக்கு அது ஒரு பட்டாபிஷேகம் போன்றதே. ஆயினும், அங்கே ஒலித்தது பெயர் மட்டுமே. அப்பாட்டை அவன் ஏன் விரும்பினான் என்பது அவன் அட்டையிலேயே தங்கிவிட்டது.

அந்த ‘ஏன்’ என்பதற்கு இடமளித்த நிகழ்ச்சி ‘இசையும் கதையும்’. நேயர் ஒருவர் தாமே ஒரு கதை புனைந்து, அதன் திருப்பங்களுக்கு ஏற்ற திரைப்பாடல்களைத் தேர்ந்து அனுப்புவார். படத்தில் காதலிக்காக எழுதப்பட்ட பாட்டு, அவர் கதையில் இறந்த தாயை நினைத்து ஏங்கும் மகனுக்கு உரியதாகிவிடும். இதைக் கேளிக்கை என்று தள்ளிவிடலாகாது. பாட்டின் பொருளை இடமறிந்து விரித்துக் காட்டுவது உரையாசிரியர் தொழிலன்றோ? பெயர் தெரியாத இரசிகர்கள் அத்தொழிலை வாரந்தோறும் செய்தனர்.

நூலுலகத்தில் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தது. ஈழத்துக் காட்சிகளும் நிறைந்த அக்கதையை இலங்கை வாசகர்களும் ஆவலோடு படித்தனர். கதை முடிந்தபோது, இன்னின்ன பாத்திரங்கள் பின்னர் என்னவாயினர் என்று வாசகர்கள் கேட்டெழுதினர். ஆசிரியர் கல்கி அக்கேள்விகளைப் பொருட்படுத்தி முடிவுரை ஒன்று எழுதி விடை பகர்ந்தார். அந்த முடிவுரை இன்றும் நூலின் இறுதியிலே அச்சாகிவருகிறது. வாசகரின் மனக்குறை நூலின் ஓர் உறுப்பாகவே நிலைத்துவிட்டது. வானொலிக்குச் சென்ற அட்டைகளுக்கோ அந்த வாழ்வு கிட்டவில்லை.

எண்ணிக்கை ஒன்றையே நம்பினால் நேரும் இடர்ப்பாட்டுக்கு நம் நாட்டுத் தமிழ்ப் படங்களே சான்று. 1962இல் ‘சமுதாயம்’, 1963இல் மலைநாட்டுத் தோட்ட வாழ்வைப் பொருளாகக் கொண்ட ‘தோட்டக்காரி’ ஆகியன வெளிவந்தன. கல்கிசையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை பரந்து வாழ்ந்த கொழும்புத் தமிழ் இரசிகன், சென்னைப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் இவற்றையும் நோக்கினான். பெருஞ்செலவிற் சமைத்த காட்சிகளுக்கு முன் இவை எளியனவாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1976இல் வந்த ‘கோமாளிகள்’ அவனை மகிழ்வித்தது. அது வானொலித் தொடராக வந்து முன்னரே அவன் வீட்டுக்குள் புகுந்திருந்த கதையாகும். அதையடுத்துச் சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்துச் சாதி வேற்றுமையைப் பொருளாக்கி எடுத்த ‘பொன்மணி’யோ படமாளிகைகளில் நெடுநாள் நிற்கவில்லை. இன்று ஈழத்துத் திரைப்படத்தைப் பற்றிப் பேசுவோர் ‘பொன்மணி’யைக் குறிப்பிடாமற் போவதில்லை. நுழைவுச்சீட்டுக் கணக்கு அதனைத் தோல்வி என்றது. ஆனால், அன்று அப்படத்தைப் பார்த்து மனங்கலங்கி வெளிவந்தவர் சிலராவது இருந்திருப்பரே. அவர்கள் சொன்னதை நாம் எங்கே தேடுவது?

1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வாசகரிடையே இரு கருத்துகள் எழுந்தன. வழக்கமாகப் படித்த தொடர்கதை பாதியில் நின்றதே என்று வருந்தியோர் ஒருசாரார். நம் எழுத்துக்கு வாயில் திறந்தது என்று மகிழ்ந்தோர் மற்றொரு சாரார். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை மலிவு விலையில் வெளியிட்டது. அவற்றுள் ஒன்றான செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1978இல் திரைப்படமாகவும் வந்தது. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’ இதழிலே, ‘தூண்டில்’ என்னும் பகுதியில் வாசகர் வினாவுக்கு ஆசிரியர் விடையளித்தார். அச்சேறியமையால் அவ்வினாக்கள் பிழைத்தன. ஒரு தலைமுறை எதனை விரும்பியது, எதனை ஐயுற்றது என்பதை அவற்றிலிருந்து இன்றும் அறியலாம்.

அச்சேறாதவை எங்கே போயின? பல பழைய தாள்களாய்க் கழிந்தன, பல தீக்கிரையாயின. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொழும்பின் பிற பகுதிகளிலும் தமிழர் வீடுகள் எரிந்தன. ஹெந்தளையிலிருந்த விஜயா படப்பிடிப்பு நிலையமும் எரிந்தது. படச்சுருள் அழிந்ததை வரலாறு குறித்துக்கொண்டது. ஆனால், சஞ்சிகைகளிலிருந்து வாரந்தோறும் கிழித்தெடுத்துத் தைத்துக் கட்டிய தொடர்கதைத் தொகுதிகள், படமாளிகை வாசலில் வாங்கிய பாட்டுப் புத்தகங்கள், அவற்றின் ஓரத்தில் ‘இவ்விடம் நன்று’, ‘முடிவு சரியில்லை’ என்று பென்சிலால் எழுதிய குறிப்புகள் ஆகியன வீட்டுப் பொருள்களோடு சாம்பலானதை யார் கணக்கிட்டார்? ஒரு சமூகத்தின் சுவைவரலாற்றில் சில ஏடுகள் அன்றே தொலைந்தன.

இக்காலத்தில் கருத்துச் சொல்வார்க்குக் குறைவில்லை. ஒரு படம் வெளியான நாளிலேயே ஆயிரம் தீர்ப்புகள் வெளிவந்துவிடுகின்றன. எனினும், எத்தனைபேர் பார்த்தனர், எத்தனைபேர் விரும்பினர் என்னும் எண்களே இப்பொழுதும் முன்னிற்கின்றன. அன்று 65,000 கடிதங்களை எண்ணினோர் செய்ததையே நாம் இன்னும் பெரிய அளவில் செய்துகொண்டிருக்கிறோம். எண்ணுதல் வேண்டியதே, அதனாலன்றோ ஓர் அரசாங்கம் தன் கொள்கையைத் தளர்த்த நேர்ந்தது! ஆயினும், எண் தீர்ப்பை மட்டுமே சொல்லும். தீர்ப்புக்குரிய காரணம் எழுத்திலே இருக்கிறது. நாளைய மாணவன் நம்மை அறிய வேண்டுமாயின் அவனுக்கு வேண்டியது அக்காரணமே.

ஆகவே, நேயர்கள் ஒன்று செய்யலாம். வீட்டுப் பரணில் பழைய தொடர்கதைக் கட்டோ பாட்டுப் புத்தகமோ நேயர் மன்றக் குறிப்பேடோ கிடக்குமாயின், அதனைத் தாள்வியாபாரிக்குக் கொடுக்குமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஓரத்தில் யாரேனும் ஏதேனும் எழுதியிருந்தால், எழுதியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை அறிந்தமட்டில் குறித்து, ஒரு நூலகத்தில் ஒப்படையுங்கள். பாயிரத்தின் எட்டு உறுப்புகளில் நம் காலம் எழுதாது விட்ட ஒன்று அவ்வாறு எழுதப்படும்.